குவியலுக்குள் கையை விட்டுப் பாருங்கள்: நிதி மோசடிகளை எழுதிய பத்திரிகையாளர் நமக்குச் சொல்வது

'ஸ்கேம் 1992' என்ற இந்தித் தொடரை நம் இளைஞர்களில் கணிசமானோர் பார்த்திருக்கிறார்கள். 2020இல் வெளிவந்த அந்தத் தொடரில் ஹர்ஷத் மேத்தா பேசும் வசனங்களை வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இன்றும் காணலாம். ஆனால் அந்தத் தொடருக்கு அடிப்படையான நூலைத் தேடி வாசித்தவர்களை நான் அரிதாகவே சந்திக்கிறேன். சுசேதா தலால், தேபாஷிஷ் பாசு ஆகிய இரு பத்திரிகையாளர்கள் எழுதி 1993இல் வெளிவந்த 'த ஸ்கேம்' என்ற ஆங்கில நூல்தான் அது. தொடரைப் பார்ப்பவர்களுக்கு மோசடி செய்தவர் மீது ஒரு கவர்ச்சி வந்துவிடுகிறது. நூலை வாசிப்பவர்களுக்கோ, மனிதர்களின் நம்பிக்கை எப்படித் திருடப்படுகிறது என்பது விளங்கிவிடுகிறது.

யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு மும்பைப் பங்குச் சந்தையின் கதை எதற்கு என்று சிலர் கேட்கலாம். சோனக தெருவிலும் ஐந்து சந்தியிலும் பங்கு வாங்கி விற்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. எனினும் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது, "சேர், இந்த அப்பில் காசு போடலாமா? மாதாமாதம் இலாபம் வருகுதாம், ஹலால் என்றும் சொல்கிறார்கள்" என்று என்னிடம் கேட்பவர்கள் கூடிக்கொண்டு போகிறார்கள். பல வருடங்கள் வணிகக் கல்வி கற்பித்தவன் என்பதால் கேட்கிறார்கள். அவர்களுக்கு ஒவ்வொருவராகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன்.

நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. சந்தையில் தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்ற நபி (ஸல்) அவர்கள் அதற்குள் கையை விட்டுப் பார்த்தார்கள். மேலே காய்ந்த தானியம், உள்ளே ஈரம். நனைந்ததை ஏன் எல்லோரும் பார்க்கும்படி மேலே வைக்கவில்லை என்று வியாபாரியைக் கண்டித்தார்கள். நிதி மோசடி பற்றி எழுதும் நல்ல பத்திரிகையாளர் செய்வதும் இந்த வேலையைத்தான். குவியலின் மேற்பகுதி எப்போதும் காய்ந்துதான் இருக்கும். கையை உள்ளே விடுபவருக்குத்தான் ஈரம் தெரியும்.

1992இல் நடந்தது என்ன?

1992 ஏப்ரல் 23ஆம் திகதி, 'டைம்ஸ் ஒஃப் இந்தியா' பத்திரிகையில் சுசேதா தலால் ஒரு செய்தி எழுதினார். பாரத ஸ்டேட் வங்கியின் கணக்கில் சுமார் 500 கோடி இந்திய ரூபாவுக்கு உரிய பிணையங்களைக் காணவில்லை, அதைச் சரிசெய்யும்படி வங்கி ஒரு பெரிய தரகரைக் கேட்டிருக்கிறது என்பதே செய்தி. சந்தையில் 'பிக் புல்' என்று அழைக்கப்பட்ட அந்தத் தரகர்தான் ஹர்ஷத் மேத்தா. அப்போது அவர் ஒரு நட்சத்திரம். அவர் வாங்கும் பங்கை நாடே வாங்கியது. ஏசிசி என்ற சீமெந்து நிறுவனத்தின் பங்கு சுமார் 200 ரூபாவிலிருந்து சுமார் 9,000 ரூபா வரை போயிருந்தது. மும்பைச் சந்தையின் சுட்டெண்ணான சென்செக்ஸ் அந்த ஏப்ரலில் 4,400 புள்ளிகளைத் தாண்டி நின்றது.

பணம் எங்கிருந்து வந்தது? இதை விளக்கும் பக்கங்கள்தான் நூலின் உயிர்.

வங்கிகள் அரசாங்கப் பிணையங்களைக் கையில் வைத்திருக்க வேண்டும். ஒரு வங்கிக்கு இரண்டு வாரத்துக்குப் பணம் தேவைப்பட்டால், தன்னிடமுள்ள பிணையத்தை இன்னொரு வங்கிக்கு விற்று, சற்றுக் கூடிய விலைக்குத் திரும்ப வாங்குவதாக ஒப்புக்கொள்ளும். பெயரில் விற்பனை, உண்மையில் வட்டிக் கடன். 'பைஉல் ஈனா' பற்றிப் படித்தவர்களுக்கு இந்த வேடம் புதிதல்ல. அன்றைய பதிவேடுகள் கையால் எழுதப்பட்டவை, பிணையம் கைமாறத் தாமதமாகும். ஆகவே வங்கிகள் பிணையத்துக்குப் பதிலாக ஒரு 'வங்கிப் பற்றுச்சீட்டு' கொடுத்துக்கொண்டன. "பிணையம் எங்களிடம் இருக்கிறது, பிறகு தருகிறோம்" என்பதுதான் அந்தத் துண்டுக் கடதாசியின் பொருள்.

இரண்டு வங்கிகளுக்கும் நடுவில் தரகர் நின்றார். வங்கியிலிருந்து வங்கிக்குப் போகவேண்டிய காசோலை தரகரின் கணக்கில் விழ அனுமதிக்கப்பட்டது. கராட் வங்கி, மெட்ரோபொலிட்டன் கூட்டுறவு வங்கி போன்ற சிறு வங்கிகள் பின்னால் எந்தப் பிணையமும் இல்லாமலே பற்றுச்சீட்டு எழுதிக்கொடுத்தன. பெரிய வங்கிகள் அதை நம்பிப் பணம் கொடுத்தன. அந்தப் பணம் பங்குச் சந்தைக்குப் போய் விலையை ஏற்றியது.

நமக்குப் பழக்கமான ஒன்றை வைத்துச் சொல்கிறேன். நகை அடகு பிடிக்கும் ஒருவர், பெட்டகத்தில் நகையே இல்லாமல் ஓர் அடகுச் சீட்டு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டை இன்னொரு கடையில் காட்டிக் காசு வாங்குகிறார்கள். அந்தக் கடைக்காரர் சீட்டைப் பார்க்கிறார், முத்திரையைப் பார்க்கிறார், பெட்டகத்தைத் திறந்து பார்க்கவில்லை. எல்லோரும் ஒரே நாளில் நகையைக் கேட்கும்வரை இந்த வியாபாரம் சிறப்பாகவே நடக்கும். 1992 ஏப்ரலில் அந்த நாள் வந்தது. இந்திய ரிசர்வ் வங்கி நியமித்த ஜானகிராமன் குழு, வங்கிகளில் ஏற்பட்ட துண்டு சுமார் 4,000 கோடி ரூபா என்று கணக்கிட்டது.

தப்பியவர்கள் யார்?

'வென்றவர் யார், தோற்றவர் யார், தப்பியவர் யார்' என்பது அந்த நூலின் துணைத் தலைப்பு. எனக்கு முக்கியமாகப்படுவது மூன்றாவது கேள்விதான். மேத்தா 2001 டிசம்பர் 31இல் சிறைக்காவலில் இருந்தபோது இறந்தார். ஆனால் காசோலையைத் தரகரின் கணக்கில் போட அனுமதித்த வங்கிகள், கண்ணை மூடிக்கொண்ட கண்காணிப்பாளர்கள், இதே வேலையைச் செய்த ஏனைய தரகர்கள் ஆகியோரையும் நூல் ஆராய்கிறது. ஒரு வில்லனைப் பிடித்துவிட்டால் கதை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு அடுத்த மோசடி காத்திருக்கிறது.

அதுதான் நடந்தது. 2001இல் கேத்தன் பாரெக் என்ற இன்னொரு தரகரின் வீழ்ச்சியோடு சந்தை மீண்டும் சரிந்தது. இந்த முறை அகமதாபாத்தின் மாதவ்புரா கூட்டுறவு வங்கி, பணமில்லாமலே கொடுப்பனவுக் கட்டளைகளை எழுதிக்கொடுத்திருந்தது. கடதாசியின் பெயர்தான் மாறியிருந்தது. நூலின் பிந்திய பதிப்பில் அந்தக் கதையும் சேர்க்கப்பட்டது.

1992இன் பாடத்திலிருந்து நவீனமான ஒரு சந்தை வேண்டும் என்று உருவாக்கப்பட்டதே இந்தியாவின் தேசிய பங்குச் சந்தை. அதே சந்தையில் சில தரகர்களுக்கு மற்றவர்களை விட முந்தித் தகவல் கிடைக்கும் வசதி இருந்தது என்ற குற்றச்சாட்டு, பெயர் மறைத்த ஒருவரின் கடிதமாக 2015இல் தலாலுக்குக் கிடைத்தது. தலாலும் பாசுவும் தங்கள் 'மணிலைஃப்' தளத்தில் அதை வெளியிட்டார்கள். பங்குச் சந்தை 100 கோடி ரூபா கேட்டு மானநட்ட வழக்குத் தொடுத்தது. வெளியீட்டைத் தடுக்கும்படி கேட்ட மனுவை பம்பாய் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்ததோடு, பங்குச் சந்தையே 50 இலட்சம் ரூபா செலுத்த வேண்டும் என்றும் உத்தரவிட்டது. அதில் பெரும்பகுதி மருத்துவமனைகளுக்குச் சென்றது. இந்த அனுபவம் 2021இல் 'அப்சொலூட் பவர்' என்ற நூலானது.

கேள்வி கேட்பவரின் வாயை அடைக்க முயல்வது ஓர் அடையாளம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் முதலீட்டுக் குழுவில் கணக்குக் கேட்டவரை "நீ பொறாமைக்காரன்" என்று வட்ஸ்அப் குழுமத்திலிருந்து நீக்கினால், அதுவும் அதே அடையாளம்தான்.

நம் நாட்டின் குவியல்கள்

இதெல்லாம் இந்தியாவில் என்று நாம் ஆறுதல்பட முடியாது. 2008 டிசம்பரில் கோல்டன் கீ கடனட்டை நிறுவனம் வீழ்ந்தது. அது சிலிங்கோ குழுமத்தைச் சேர்ந்தது. வைப்புகளைப் பெறுவதற்கு அதற்கு அனுமதியே இருக்கவில்லை. ஆனாலும் ஆயிரக்கணக்கானோர் கூடுதல் வருமானத்துக்காகப் பணம் போட்டிருந்தார்கள். முடங்கிய தொகை சுமார் 2,600 கோடி ரூபா. குழுமத்தின் பெயரே அதன் உத்தரவாதமாக இருந்தது. பதற்றம் செலான் வங்கிக்கும் பரவியது. அதன் நிர்வாகத்தை இலங்கை வங்கியிடம் மத்திய வங்கி ஒப்படைக்க வேண்டி வந்தது. அதே குழுமத்தில் இஸ்லாமிய இலாபப் பகிர்வு முறையில் இயங்கிய நிறுவனத்திலும் வைப்புகள் சிக்கின. அதில் பணம் போட்டவர்களில் நம்மவர்கள் பலர். பின்னர் 2020இல் த ஃபினான்ஸ், ஈ.டி.ஐ. ஆகிய நிதி நிறுவனங்களின் அனுமதிப்பத்திரங்கள் இரத்தாயின. இவை அனுமதி பெற்றே இயங்கியவை என்பதையும் கவனிக்க வேண்டும்.

2015 பெப்ரவரி 27ஆம் திகதி மத்திய வங்கி 30 வருடப் பிணைமுறி ஏலம் ஒன்றை நடத்தியது. கேட்கப்பட்டது 100 கோடி ரூபா. ஏற்கப்பட்டதோ சுமார் 1,000 கோடி. இதை விசாரித்த ஜனாதிபதி ஆணைக்குழு 2017 டிசம்பர் இறுதியில் அறிக்கை கொடுத்தது. ஊழியர் சேமலாப நிதியமும் இந்தப் பிணைமுறி விவகாரத்தில் நட்டப்பட்டிருக்கிறது என்று அறிக்கை கூறியது. சேமலாப நிதி யாருடையது? கடையில் நிற்கும் பிள்ளையின், ஆடைத்தொழிற்சாலையில் தைக்கும் சகோதரியின் சம்பளத்திலிருந்து மாதாமாதம் வெட்டப்படும் பணம் அது. பங்குச் சந்தைப் பக்கமே போகாதவர்களும் இந்த விளையாட்டில் பங்குதாரர்களாக இருக்கிறார்கள்.

'ஹலால்' என்ற பற்றுச்சீட்டு

முஸ்லிம் வாசகர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய இன்னொரு சம்பவம் பெங்களூரில் நடந்தது. ஐ.எம்.ஏ. என்ற நிறுவனத்தை முஹம்மத் மன்சூர் கான் என்பவர் 2006இல் ஆரம்பித்தார். வட்டியில்லாத, ஹலாலான முதலீடு என்று சொல்லி மக்களைப் 'பங்காளிகள்' ஆக்கினார்கள். மாதம் இரண்டரை முதல் மூன்று வீதம் வரை கொடுத்தார்கள். நகைக் கடை இருந்தது. ஓர் அரச பாடசாலையை மேம்படுத்திய நற்பெயரும் இருந்தது. 2019 ஜூனில் அவர் ஓர் ஒலிப்பதிவை விட்டுவிட்டு துபாய் போய்விட்டார். அடுத்த மாதம் டில்லி விமான நிலையத்தில் கைதானார். 40 ஆயிரத்துக்கும் அதிகமான முறைப்பாடுகள் வந்தன. கொடுத்தவர்களில் பெரும்பாலானோர் முஸ்லிம்கள். மகளின் கல்யாணத்துக்கு வைத்திருந்த காசு, ஓய்வூதியம், விதவைகளின் சேமிப்பு என்று எல்லாம் அதில் இருந்தன.

வட்டிக்குப் பயந்து வங்கிக்குப் போகாதவர்கள் இவர்கள். அவர்களின் இறையச்சமே அவர்களைப் பிடிக்கும் வலையானது. மும்பையில் வங்கிப் பற்றுச்சீட்டு செய்த வேலையை பெங்களூரில் 'ஹலால்' என்ற சொல் செய்தது. சீட்டைப் பார்த்தவர்கள் பெட்டகத்தைத் திறக்கச் சொல்லவில்லை.

மார்க்கச் சட்டத்தைப் படித்தவர்களுக்கு இங்கே ஓர் எளிய அளவுகோல் இருக்கிறது. முழாரபா என்பது இலாபத்திலும் நட்டத்திலும் பங்கு. இலாபம் வந்தால் பேசிய விகிதப்படி பிரிப்பார்கள், நட்டம் வந்தால் முதலீட்டாளரின் முதல் குறையும். ஆகவே "மாதாமாதம் நிச்சய இலாபம், முதலுக்கு ஆபத்தில்லை" என்று ஒருவர் சொன்ன கணத்திலேயே அது முழாரபா இல்லாமல் போய்விடுகிறது. பெயர் ஹலால், உள்ளடக்கம் வட்டி. அல்லது வட்டியைவிட மோசமாக, நாளை சேரப்போகிறவரின் முதலை இன்றைக்கு இலாபமென்று கொடுப்பது.

நமக்கு ஏன் கூடுதல் ஆபத்து?

1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு ஊரைவிட்டு வெளியேற விடுதலைப் புலிகள் கொடுத்தது இரண்டு மணித்தியாலம். கடையும் சரக்கும் நகையும் இங்கேயே நின்றன. புத்தளத்து முகாம்களில் பூச்சியத்திலிருந்து தொடங்கியவர்கள் நாம். 2009க்குப் பிறகு திரும்பியவர்களின் கையில் இருப்பது கொஞ்சம்தான்: காணி விற்ற காசு, புத்தளத்தில் உழைத்துச் சேர்த்தது, மத்திய கிழக்கிலிருந்து பிள்ளைகள் அனுப்பியது. இரண்டு மணித்தியாலத்தில் இழந்ததை இரண்டு வருடத்தில் மீட்டுத் தருகிறோம் என்று ஒருவர் சொல்லும்போது மற்றவர்களைவிட நம் மனம் வேகமாக இளகுகிறது.

1990க்கு முன்னர் நம் தெருவில் கைமாற்றும் சீட்டும் வாய்ப் பேச்சிலேயே நடந்தன என்பது உண்மை. ஆனால் அன்று சரக்கு கண்ணெதிரே இருந்தது. கடன் வாங்கியவரின் கடை எது, அவர் என்ன விற்கிறார், வாப்பா யார் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு பெட்டகம் இருந்தது. இன்று அதே நம்பிக்கையை, முகமே தெரியாத ஓர் அப்பின் மீது வைக்கிறோம். நடுவில் நிற்பது நம் மச்சானோ மாமாவோ என்பதால் மட்டும்.

2022இன் பொருளாதார வீழ்ச்சி இந்த ஆபத்தைக் கூட்டியது. அந்த வருடம் ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை நிறுத்தியது. செப்டம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. சேமிப்பு கண்ணுக்கு முன்னால் கரையும்போது, அதைக் காப்பாற்றத் துடிப்பவரின் பதற்றமே மோசடிக்காரரின் மூலதனமாகிறது.

கேட்க வேண்டிய கேள்விகள்

கையில் ஒரு கணிப்பானும் கேட்கத் துணிவும் இருந்தால் பெரும்பாலான திட்டங்களை ஐந்து நிமிடத்தில் சோதிக்கலாம்.

முதலாவது, இலாபம் எதை விற்று வருகிறது? மாதம் 10 வீதம் உழைத்து அதைத் திரும்ப முதலிட்டால், ஓர் இலட்சம் ஒரு வருடத்தில் மூன்று இலட்சத்தைத் தாண்டும், ஐந்து வருடத்தில் மூன்று கோடியைத் தாண்டும். இந்த வித்தை உண்மையாகவே தெரிந்தவருக்கு உங்கள் ஓர் இலட்சம் எதற்கு?

இரண்டாவது, ஆள் சேர்த்தால் தரகு உண்டா? ஒருவர் ஐந்து பேரைச் சேர்க்க வேண்டும் என்றால் எட்டாவது படியில் 3 இலட்சத்து 90 ஆயிரம் பேர் தேவை. ஒன்பதாவது படியில் 19 இலட்சத்துக்கும் அதிகம். யாழ் மாவட்டத்தின் மொத்தச் சனத்தொகையே ஆறு இலட்சம் அளவுதான். கடைசியாகச் சேர்ந்தவருக்குச் சேர்க்க ஆள் இருக்காது. இத்தகைய பிரமிட் திட்டங்களை நடத்துவதும் ஊக்குவிப்பதும் 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின்படி குற்றம். மச்சானை நம்பி நீங்கள் மூன்று பேரைச் சேர்த்துவிட்டால், நீங்களும் ஊக்குவித்தவர்தான்.

மூன்றாவது, வைப்பு ஏற்க அனுமதி இருக்கிறதா? கம்பனிப் பதிவுச் சான்றிதழ் என்பது வைப்பு ஏற்கும் அனுமதியல்ல. அனுமதி பெற்ற வங்கிகள், நிதி நிறுவனங்களின் பட்டியலை மத்திய வங்கி வெளியிடுகிறது. சந்தேகம் இருந்தால் அதன் 1935 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். அனுமதி பெற்ற நிறுவனம் வீழ்ந்தாலும், வைப்புக் காப்புறுதியின் கீழ் ஒரு வைப்பாளருக்கு 11 இலட்சம் ரூபா வரை பாதுகாப்பு உண்டு. அனுமதியில்லாத இடத்தில் போட்ட பணத்துக்கு அதுவும் கிடையாது.

நான்காவது, எழுத்தில் என்ன இருக்கிறது? கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கவும் சாட்சி வைக்கவும் சொல்லும் அல்பகராவின் 282ஆவது வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமானது. சொந்தக்காரரிடம் எழுத்துக் கேட்பது அவமரியாதை என்று நினைப்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

ஐந்தாவது, பணத்தைத் திருப்பிக் கேட்டால் என்ன பதில் வருகிறது? முதல் மூன்று மாதம் ஒழுங்காகக் காசு வந்தது என்பது எதற்கும் ஆதாரமல்ல. 1920இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் சார்ள்ஸ் பொன்சியும் ஆரம்பத்தில் ஒழுங்காகவே கொடுத்தார். 45 நாளில் 50 வீத இலாபம் என்று சொன்ன அவரது திட்டத்தையும் ஒரு பத்திரிகைதான் தோண்டியெடுத்தது.

பள்ளிவாசல் நிருவாகிகளுக்கும் ஆலிம்களுக்கும் ஒரு வேண்டுகோள். எந்த முதலீட்டுத் திட்டத்தின் திறப்பு விழாவிலும் கணக்கைப் பார்க்காமல் துஆ ஓதப் போகாதீர்கள். உங்கள் புகைப்படம் அடுத்த நாள் அவர்களின் விளம்பரத்தில் இருக்கும். "மௌலவியே வந்தார்" என்ற ஒரு வார்த்தையை நம்பி ஓர் ஏழைத் தாய் தன் காப்பைக் கழற்றிக் கொடுப்பாள்.

நம் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். ஹர்ஷத் மேத்தாவின் வசனத்தை ஸ்டேட்டஸில் வைப்பவர்கள் அந்தக் கதையில் இன்னொருவரும் இருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். கணக்கு படித்து, ஆவணம் தேடி, பயமுறுத்தலுக்கு அடங்காமல் எழுதிய பெண் அவர். 2006இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. கோல்டன் கீ பற்றியும் பிணைமுறி பற்றியும் நம் ஊர் வாசகருக்கு விளங்கும் தமிழில் அப்படி ஒரு நூல் எழுதப்பட வேண்டும். அதை எழுதப்போகிறவர் இன்று கதீஜாவிலோ ஒஸ்மானியாவிலோ வணிகப் பிரிவில் படித்துக்கொண்டிருக்கலாம். ஆசிரியர்கள் அவர்களுக்குக் கணக்கேட்டை நிரப்ப மட்டுமன்றி, அதைச் சந்தேகிக்கவும் கற்றுக்கொடுக்க வேண்டும்.

பணம் ஓர் அமானிதம். அதை யாரிடமும் கொடுக்குமுன் குவியலுக்குள் கையை விட்டுப் பாருங்கள். விட வேண்டாம் என்று தடுக்கிறார்கள் என்றால், உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.